விளையாட்டுப் பொறியும் சமயப் பற்றும்

தமிழிலே 'பற்று' என்னும் சொல் இருவேறு நிலைகளைக் குறித்து வரும். உயிரைப் பொருளோடு பிணித்து அலைக்கும் ஆசையும் பற்றே. அவ்வாசையினின்றும் உயிரை விடுவிக்கும் இறையன்பும் பற்றே. ஆசையை அறுத்தற்கும் உயர்ந்ததொரு துணையைப் பிடித்தல் வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் துறவு என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்துப் போந்தார். ஒரு சொல்லே இரண்டையும் சுட்டினும், இரண்டும் ஒன்றெனக் கற்றோர் மயங்குவதில்லை.

ஆயின், அமெரிக்கா, ஐரோப்பா, யப்பான் முதலிய நாடுகளிலே கடந்த நாற்பது ஆண்டுகளாக வளர்ந்துள்ள ஒரு புதுப் பற்றைக் குறித்து அத்தகைய மயக்கம் தோன்றியுள்ளது. வீடியோ விளையாட்டுப் பொறிகளைச் செய்து விற்கும் கம்பனிகளுள் ஒன்றைத் தமதெனக் கொண்டு, ஏனையவற்றை இகழ்ந்து, அதன் ஏற்றத்திலே மகிழ்ந்தும் அதன் தாழ்விலே துயருற்றும் வாழ்வோர் பலர் உளர். அவர்தம் பற்றைச் சமய நம்பிக்கை என்று கூறுதல் இற்றைநாள் வழக்காகிவிட்டது. சிலர் அதனை நகையாகவும், சிலர் பழியாகவும், சிலர் ஆராய்ச்சி நோக்கோடும் கூறுவர். இவ்வொப்புமை எத்துணைப் பொருந்தும், எவ்விடத்தே பிழைபடும் என்பது ஆராயற்பாலது. விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி அற்பமானதென்று ஒதுக்குதல் தகாது. ஏனெனின், ஒப்புமையின் ஒரு பக்கத்திலே நிற்பது சமயம். ஒன்றைச் சமயத்தோடு ஒப்பிடுவோர், சமயம் என்பது யாதெனத் தாம் கருதுவதையும் அவ்வொப்புமையாலேயே வெளிப்படுத்துகின்றனர்.

ஒப்புமை கூறுவோர் காட்டும் சான்றுகள் முற்றிலும் வலியற்றவை அல்ல. சமயத்துக்குக் குருவும் அடியாரும் விழாவும் வரலாறும் உண்டு. இப்பற்றுக்கும் அவை ஒருவாறு உண்டு. மாரியோ என்னும் பாத்திரத்தைப் படைத்த ஷிகேரு மியமோட்டோவின் பெயரை நின்டெண்டோ அன்பர் ஒரு குருவின் பெயர்போல் வழங்குவர். புதிய பொறி விற்பனைக்கு வரும் நாளின் முன்னிரவிலே கடைவாயிலில் வரிசையாகக் காத்து நிற்றல் திருவிழாவின்பொருட்டுக் கண்விழித்தலை ஒக்கும். பழைய பொறிகளையும் கசெற்களையும் பெட்டி குலையாது அலுமாரியிலே அடுக்கி, பிறர் கைபடாது காத்தலும் உண்டு. ஒரு கம்பனியின் பொறியை விட்டு மற்றொன்றினுடையதை வாங்குதல் மதமாற்றம் எனவும் துரோகம் எனவும் பேசப்படும். சேகா என்னும் யப்பானியக் கம்பனி 1989இல் ஐக்கிய அமெரிக்காவிலே விற்கத் தொடங்கிய பொறிக்கு இட்ட 'ஜெனெசிஸ்' என்னும் பெயர்தானும், தொடக்கம் என்னும் பொருளையுடையதாய், விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமத்துக்கு ஆங்கிலத்திலே வழங்கும் பெயராகும்.

ஆராய்ச்சியாளரும் இவ்வொப்புமைக்குத் துணைசெய்துள்ளனர். பிரெஞ்சு நாட்டுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கெய்ம் 1912இல் வெளியிட்ட நூலிலே, அவுஸ்திரேலியப் பழங்குடிகளின் குலக்குறி வழிபாட்டை ஆராய்ந்து, குலத்தார் தம் குறியிலே வணங்குவது உண்மையிலே தம் குலத்தின் ஒற்றுமையையே என்னும் கருத்தை நிறுவ முயன்றார். அக்கருத்தின்படி நோக்கின், ஒரு கம்பனியின் குறியைச் சட்டையிலே பொறித்துக்கொண்டு திரியும் இளைஞன் குலக்குறி தாங்கிய பழங்குடியினனுக்கு நெருங்கிய உறவினனாவான். 2001இல் அல்பேர்ட் முனீஸ், தோமஸ் ஓகின் என்னும் இருவர் வணிகக் குறிகளைச் சூழ்ந்து உண்டாகும் சமுதாயங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். மோட்டர் வாகனங்களையும் மக்கின்தொஷ் கணினியையும் கொண்டு ஆராய்ந்த அவர்கள், தாம் ஓரினத்தார் என்னும் உணர்வு, சடங்கும் மரபும், ஒருவர்க்கொருவர் கடப்பாடு என மூன்று இயல்புகளை அச்சமுதாயங்களிலே கண்டனர். ஒரு குறியிலே கொண்ட பற்று மற்றொரு குறியை எதிர்த்தலாலே வலுப்பெறுதலையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இத்துணை ஒற்றுமை இருத்தலால் ஒப்புமை முடிந்தது எனக் கொள்ளலாமோவெனின், கொள்ளலாகாது. இரண்டு பொருள்கள் தோற்றத்தால் ஒத்திருப்பினும், அவை எதனாற் பிறந்தன, எதனால் வளர்ந்தன, இடர் வந்தவிடத்து யாதாயின என்பனவற்றையும் நோக்கியே முடிவு கூறல் முறையாம். ஆதலின் இப்பற்றின் பிறப்பு முதற்கண் ஆராயப்படும்.

நின்டெண்டோ 1889இல் கியோட்டோ நகரிலே பூவோவியம் தீட்டிய விளையாட்டுச் சீட்டுகளைச் செய்யும் தொழிலாகத் தொடங்கிற்று. அது வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பொறியை 1983இல் யப்பானிலே வெளியிட்டது. அதே ஆண்டிலே அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வியாபாரம் பெருஞ் சரிவுற்றது. தரமற்ற விளையாட்டுகள் அளவின்றிக் குவிந்தமை அச்சரிவுக்கு ஒரு காரணமாயிற்று. 1985இல் நியூயோர்க் நகரிலே தன் பொறியை விற்கப் புகுந்த நின்டெண்டோ, அந்நிலை மீளாதவாறு ஒரு காவல் அமைத்தது. பொறியினுள்ளும் கசெற்றினுள்ளும் ஒன்றையொன்று அறியும் சில்லு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. கம்பனியின் உடன்பாடின்றிச் செய்யப்பட்ட கசெற்றைப் பொறி ஏற்காது. உடன்பாடு பெற்றோரும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்றும், வெளியிட்டதை இரண்டு ஆண்டுவரை வேறு பொறிக்குக் கொடுக்கலாகாது என்றும் விதிக்கப்பட்டனர். 1988இல் தன் விளையாட்டுகளை வியந்துரைக்கும் சஞ்சிகையொன்றையும் கம்பனி தானே வெளியிட்டது. அச்சஞ்சிகை 2012வரை நடைபெற்றது.

இவ்விதிகளின் பயன் வீடுகளிலே விளைந்தது. பொறியின் விலை ஒரு குடும்பம் நினைத்தபோதெல்லாம் கொடுக்கத்தக்கதன்று. ஆதலால் பெரும்பாலான வீடுகளில் ஒரு பொறியே இருந்தது. அதனை வாங்கிய தந்தை கடைக்காரனின் சொல்லையோ விலையையோ நோக்கி வாங்கினார். அவ்வீட்டுச் சிறுவன் தனக்குக் கிடைத்த பொறியிலே ஆடக்கூடிய விளையாட்டுகளையே அறிவான். அயல்வீட்டுச் சிறுவன் ஆடுவனவற்றைத் தன் வீட்டில் ஆட இயலாது. கிடையாத ஒன்றைத் தாழ்ந்ததென்று சொல்லித் தேறுதல் மனித இயல்பு. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றையே தான் தேர்ந்தெடுத்ததாக எண்ணிக் காத்து நிற்பவன் ஆனான் அச்சிறுவன். இவ்விடத்திலே சமயத்தோடு ஓர் ஒற்றுமை உண்டெனல் வேண்டும். பிறந்த வீட்டின் சமயமே பெரும்பாலார்க்குத் தம் சமயமாதலும் இத்தகையதே. ஆயின் சமயத்திலே பிறப்பால் வந்த நம்பிக்கையைப் பிற்காலத்தில் ஆராய்ந்து தெளிவதற்குச் சாத்திரமும் சாதனையும் வழி வகுத்துள்ளன. கம்பனியின் விதிகளோ, ஆராய்ந்து ஒப்புநோக்கும் வாயிலை அடைத்தற்கே எழுந்தவை.

1991இல் நிகழ்ந்த ஒன்று இதனை நன்கு விளக்கும். பொறியைக் குறித்த விலைக்குக் குறைய விற்கலாகாதெனக் கடைக்காரரைக் கம்பனி நெருக்கியது என்னும் குற்றச்சாட்டை அமெரிக்க அரசாங்கத்தின் வியாபார ஆணைக்குழுவும் மாநிலங்களும் எழுப்பின. அது இணக்கமாக முடிந்தது. பொறியை வாங்கியவர்களுக்கு ஈடாகக் கிடைத்தது ஐந்து டொலர் மதிப்புள்ள ஒரு சீட்டு. அச்சீட்டைக் கொண்டு கழிவு பெறுதற்கு நின்டெண்டோவின் கசெற் ஒன்றையே மீண்டும் வாங்குதல் வேண்டும். பரிகாரமும் பிணிப்பாக அமைந்த விந்தை இது.

எதிர்ப்பு உணர்ச்சியும் இவ்வாறே தானாகப் பிறந்ததன்று. சேகா அமெரிக்கச் சந்தையிலே புகுந்தபோது, தன் பொறி செய்வதை நின்டெண்டோ செய்யாது என்னும் பொருள்பட, அக்கம்பனியின் பெயரின் ஈற்றிலேயே ஆங்கில எதிர்மறையைப் பொருத்தி விளம்பரம் செய்தது. 1991இல் சொனிக் என்னும் நீலநிற முள்ளெலியைத் தன் பாத்திரமாக்கி, விரைவும் துடுக்கும் உடைய சொனிக்கை விரும்புவோன் வளர்ந்தவன் என்றும், மாரியோவை விரும்புவோன் இன்னும் குழந்தை என்றும் சிறுவர் நெஞ்சிலே ஒரு வேற்றுமையை ஊன்றியது. பள்ளிக்கூட முற்றத்திலே சிறுவர் தம்முள் எறிந்துகொண்ட இகழுரைகள் பல, விளம்பர அலுவலகத்திலே கூலிக்கு எழுதப்பட்டவை.

சமய வாதத்தோடு இதனை ஒப்பிடுவோர் ஒன்றை மறக்கின்றனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகள் வகுத்தார். உலகாயதம் முதலிய புறக்கொள்கைகளைப் பரபக்கத்திலே மறுக்கப் புகுந்தவர், ஒவ்வொரு கொள்கையையும் அக்கொள்கையார் கூறுமாறே முன்னர் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தார். எதிரியின் கருத்தை அறியாதவன் மறுத்தற்கு உரிமையற்றவன் என்பது அம்முறையின் உட்கிடை. விளையாட்டுப் பொறிகளின் பூசலிலே எதிரியின் பொறியை ஒருநாளேனும் கையிலே எடுத்து ஆடிப்பார்த்தவன் அரியன். வாதம் இல்லாத இடத்திலே வசை மட்டும் எஞ்சுகின்றது.

இவ்வசைக்கு நம்பிக்கை எதுவும் வேண்டியதில்லை என்பதை உளநூலாரின் சோதனையொன்று காட்டியுள்ளது. இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர் சிலரை ஹென்றி தஜ்பெல் என்பார் இரு கூட்டமாகப் பிரித்தார். அச்சோதனையின் முடிவுகள் 1970இல் வெளிவந்தன. திரையிலே தோன்றிய புள்ளிகளின் தொகையை மிகுத்து மதித்தவர், குறைத்து மதித்தவர் என்பது போன்ற பொருளற்ற வேற்றுமையே பிரிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எவர் எக்கூட்டத்தார் என்பதையும் அவர்கள் அறியார். எனினும் பணத்தைப் பகிரும்படி கேட்டபோது, அவர்கள் தம் கூட்டத்தார்க்கே மிகுதி கொடுத்தனர். அதனினும் வியப்பு யாதெனின், தம் கூட்டத்துக்குக் கிடைப்பது சற்றுக் குறையினும், மற்றக் கூட்டத்துக்கு அதனினும் குறையவேண்டும் என்னும் விருப்பம் அவர்களிடம் காணப்பட்டமையே. எனவே கூட்டப் பகையைக் கண்டவுடன் அதன் அடியிலே சமயம் போன்றதொரு நம்பிக்கை உண்டெனத் துணிதல் பிழையாகும். புள்ளிகளை எண்ணினவரிடையேயும் அப்பகை தோன்றும்.

இனி, சமயத்துக்கு இன்றியமையாததாகிய ஆசாரத்தை நோக்கலாம். வீட்டுக்கு ஏற்றதல்லாதவற்றைத் தன் பொறியிலே அனுமதிப்பதில்லை என்பது நின்டெண்டோ அமெரிக்காவிலே போற்றிய கொள்கை. மோட்டல் கொம்பட் என்னும் கொடிய சண்டை விளையாட்டு 1993 செப்டெம்பரில் வீட்டுப் பொறிகளுக்கு வந்தபோது, நின்டெண்டோவின் பொறியிலே குருதி நீக்கப்பட்டு வியர்வை போன்ற துளிகள் காட்டப்பட்டன. சேகாவின் பொறியிலோ, ஒரு மறைக்குறியை அழுத்தினால் குருதி தோன்றும். அவ்வாண்டு டிசெம்பரிலே அமெரிக்கச் செனற் சபையின் விசாரணையில் இரு கம்பனிகளின் அலுவலரும் வெளிப்படையாகவே ஒருவரையொருவர் குறைகூறினர். நின்டெண்டோ அன்பர்க்கு அது தம் தூய்மையை நாட்டிய நாளாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆயின் விற்பனையிலே முந்தியது சேகாவின் பதிப்பே. அடுத்த ஆண்டு, 1994இல், அவ்விளையாட்டின் இரண்டாம் பாகம் நின்டெண்டோவின் பொறியிலும் குருதியோடு வெளிவந்தது. ஆசாரம் ஓராண்டுக் கணக்கு வழக்குக்கு ஆற்றாது போயிற்று. அவ்வாசாரத்தைக் கண்டு பெருமையுற்றிருந்தவன் அதனைக் குறித்துக் கேட்கப்பட்டவனும் அல்லன். அவனுக்கு விளக்கம் கூறப்பட்டதும் இல்லை.

இடர் வந்தபோது இப்பற்று யாதாயிற்று என்பதே ஒப்புமையின் உரைகல். சேகா தன் கடைசிப் பொறியாகிய டிரீம்காஸ்டை 1999 செப்டெம்பரிலே அமெரிக்காவில் 199 டொலருக்கு விற்கத் தொடங்கியது. 1994இல் யப்பானிலே பிளேஸ்டேஷன் என்னும் பொறியை வெளியிட்டுப் போட்டியிற் புகுந்த சோனி, 2000இல் அதன் இரண்டாம் பொறியை இறக்கிற்று. சேகாவினால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. 2001 ஜனவரி 31இல், பொறி செய்வதை நிறுத்துவதாக அது அறிவித்தது. எஞ்சியவை 99 டொலருக்கு விற்கப்பட்டன. அக்கம்பனியின் தலைவர் இசாவோ ஒக்காவா, தாம் கொடுத்திருந்த கடனைத் தள்ளிவிட்டுத் தம் பங்குகளையும் கம்பனிக்கே ஈந்து, அவ்வாண்டு மார்ச்சிலே காலமானார். கைம்மாறு கருதாது கொடுத்தலைச் சமயத்தின் இலக்கணமாகக் கொண்டால், இவ்வரலாற்றிலே அதற்கு மிக அண்மையில் நின்றவர் அவரே எனல் தகும்.

அதே ஆண்டு டிசெம்பரிலே சொனிக் நின்டெண்டோவின் பொறிகளிலே தோன்றிற்று. பத்தாண்டுகளாக மாரியோவுக்கு எதிராக நிறுத்தப்பட்ட பாத்திரம் மாரியோவின் இல்லத்திலே குடிபுகுந்தது. 2007இல் பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டியைப் பொருளாகக் கொண்ட விளையாட்டொன்றில் இரண்டும் பக்கம் பக்கமாக நின்றன. இவற்றின்பொருட்டு நட்பை முறித்தும் மூக்குடைபட்டும் நின்ற சிறுவர் அதற்குள் வளர்ந்து தொழில் செய்வோராயினர். பகைமை எவ்வாறு வணிகத்தின்பொருட்டு மூட்டப்பட்டதோ, அவ்வாறே வணிகத்தின்பொருட்டுத் தணிக்கப்பட்டது. அண்மையிலே மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் பொறியைப் பற்றியிருந்தோர்க்கும் அதுவே நேர்ந்தது. 2001இல் அப்பொறியோடு வெளிவந்து அதன் கொடியாகவே விளங்கியது ஹேலோ என்னும் விளையாட்டு. 2024 பெப்ரவரியிலே தன் விளையாட்டுகள் நான்கு பிற கம்பனிகளின் பொறிகளுக்குச் செல்லும் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2025 ஒக்டோபரிலே, ஹேலோவின் முதற் கதையைப் புதுக்கி அமைத்த பதிப்பு பிளேஸ்டேஷனுக்கும் வரும் என்னும் அறிவிப்பு வெளிவந்தது. அன்பர் பலர் கைவிடப்பட்டவர்போல் வருந்தினர். அவர்கள் கோட்டை எனக் கருதியது கம்பனிக்கு ஒரு வாடகைக் கட்டடமாக இருந்தது.

இந்நிகழ்ச்சிகளால் விளங்குவது யாதெனின், இப்பற்றிலே கட்டுண்டவன் ஒருவனே என்பதாம். சமய நம்பிக்கையிலே பற்றுவோனும் பற்றப்படும் பொருளும் உறவால் இணைந்துள்ளனர் என்பது நம்புவோர் துணிபு. அவ்வுறவு உண்மையோ அன்றோ என்று வாதிடுவோரும், அந்நம்பிக்கை நம்புவோனிடம் ஒரு மாற்றத்தை வேண்டி நிற்கின்றது என்பதை மறுப்பதில்லை. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் சமய அனுபவங்களைப் பற்றி வெளியிட்ட நூலிலே, அவ்வனுபவத்தை அதன் வேரைக் கொண்டன்றி, வாழ்க்கையிலே அது தரும் கனியைக் கொண்டே மதித்தல் வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டார். அளவோடு உண்ணலும், பொய் சொல்லாமையும், பகைவனைப் பொறுத்தலும் சமயம் அடியவனிடம் கேட்பன. கம்பனி தன் அன்பனிடம் கேட்பது அடுத்த பொறியையும் அவன் வாங்குதல் ஒன்றே. அவன் நல்லவனாயினும் தீயவனாயினும் அதற்கு வேற்றுமை இல்லை.

இதற்கு ஒரு தடை நிகழக்கூடும். சமய நிறுவனங்களும் பொருளாசைக்கு இடங்கொடுத்ததில்லையோ, பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்றதில்லையோ, பிற சமயத்தாரை இகழ்ந்ததில்லையோ எனப் பொருள்முதல்வாதிகள் வினவுவர். அத்தடை பொருளற்றதன்று. அவையெல்லாம் நிகழ்ந்தன. ஆயின் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை 1517இல் கண்டித்தெழுந்த மார்ட்டின் லூதர் அச்சமயத்தின் வேதத்தையே சான்றாகக் கொண்டு கண்டித்தார். கோயிலிலே நடக்கும் குறைகளைச் சாடிய தமிழ்நாட்டுச் சித்தரும் இறைவனின் பெயராலேயே சாடினர். சமயம் தன்னைத் திருத்துதற்குரிய அளவுகோலைத் தன்னகத்தே உடையது; நிறுவனம் வழுவியவிடத்து அடியவன் அந்நிறுவனத்தினும் உயர்ந்ததொன்றை நோக்கி முறையிடலாம். கம்பனியின் அன்பன் யாரை நோக்கி முறையிடுவான்? கம்பனிக்கு மேலாக அவன் பற்றிலே வேறொன்றும் இல்லை.

அன்பர் முறையிட்டுக் கம்பனி பணிந்த வரலாறும் உண்டெனச் சிலர் கூறலாம். 2013 மே மாதத்திலே எக்ஸ்பொக்ஸின் புதிய பொறியை மைக்ரோசொப்ட் அறிமுகம் செய்தபோது, ஒருவர் வாங்கிய விளையாட்டை மற்றொருவர்க்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் தடைகள் வகுத்தது. பெருங் கண்டனம் எழுந்தது. சோனி தன் பொறிக்கு அத்தடைகள் இல்லை என்று அறிவித்ததோடு, 100 டொலர் குறைவாகவும் விலை குறித்தது. ஜூன் மாதத்திலேயே மைக்ரோசொப்ட் தன் விதிகளைக் கைவிட்டது. இது நம்பிக்கைக்குக் கிடைத்த வெற்றியா என நோக்கின், அன்று என்பது தெளிவாகும். தடைகளை என்ன காரணம் கூறியேனும் நியாயப்படுத்த முற்பட்டோரே பற்றுறுதி உடையோர். கம்பனியைப் பணியச் செய்தோர், வேறு பொறியை வாங்கிவிடுவோம் என்று துணிந்தவர்களே. அன்பராயிருத்தலை விட்டுக் கொள்வோராக மாறிய அப்பொழுதிலேதான் அவர்கள் சொல்லுக்கு வலிமை உண்டாயிற்று. பற்று அறுந்தவிடத்தே பயன் தரும் ஒன்றைச் சமயம் எனல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, இவ்வொப்புமையைக் கூறுவோர் பெரும்பாலும் செய்வது யாதெனின், சமயத்தைப் பற்றிய நோயைச் சமயமாகக் கொள்ளுதலாம். பூசலையும் இகழ்ச்சியையும் கூட்ட வெறியையும் ஓரிடத்திலே காண்கின்றனர்; அவையே சமயத்தின் உயிர்நிலை என்று முன்னரே கருதியிருத்தலால், 'இதுவும் சமயமே' என்று முடிவுகட்டுகின்றனர். அம்முடிவினால் விளையாட்டுப் பொறியை நேசிப்பவனும் அறியப்படுவதில்லை, வழிபடுவோனும் அறியப்படுவதில்லை.

இவ்வளவில் ஒப்புமையை முற்றாகத் தள்ளிவிடுதலும் நடுவுநிலையாகாது. அது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அது பூசல் நிகழும் இடமன்று. பூசல் ஓய்ந்து, கம்பனியும் நீங்கிய இடம். அப்பிள் கம்பனி செய்த நியூட்டன் என்னும் கையடக்கக் கணினி 1998இல் கைவிடப்பட்டது. அதனைப் பின்னும் விடாது பயன்படுத்தியவர்களை ஆராய்ந்து, முனீஸும் ஹோப் ஷௌ என்பவரும் 2005இல் ஒரு கட்டுரை எழுதினர். துன்புறுத்தப்பட்டோர் நிலைத்து நின்ற கதைகள், பழுதான பொறி வியக்கத்தக்கவாறு உயிர்த்த கதைகள், படைத்தவன் மீண்டு வருவான் என்னும் எதிர்பார்ப்பு என்பன அவர்களிடையே வழங்கியதை அக்கட்டுரை காட்டுகின்றது. விற்பவன் இல்லாத இடத்திலேதான் சமயத்தின் சாயல் தெளிவாகத் தோன்றியது என்பது கருதத்தக்கது.

டிரீம்காஸ்டின் வரலாறும் அத்தகையதே. கம்பனி அதனைக் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஆர்வலர் அதற்குப் புதிய விளையாட்டுகளை எழுதி வெளியிட்டு வந்துள்ளனர். மூடப்பட்ட அதன் இணையவழி ஆட்டங்களைத் தம் செலவிலும் உழைப்பிலும் மீண்டும் இயங்கச் செய்தோரும் உளர். இவர்க்கு அதனாற் பெருஞ் செல்வம் கிடைப்பதில்லை; எந்தக் கம்பனியும் இவர்க்கு விருது வழங்குவதில்லை. இவர்கள் எவரையும் இகழ்வதற்கும் காரணம் இல்லை, போட்டி முடிந்துவிட்டது. தாம் சிறுவயதிலே உடன்பிறந்தாரோடும் தோழரோடும் தொலைக்காட்சியின் முன்னமர்ந்து பெற்ற மகிழ்ச்சி பின்வருவோர்க்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே இவர் கருத்து.

இத்தொண்டின் தேவையும் சிறிதன்று. அமெரிக்காவிலே வீடியோ விளையாட்டு வரலாற்று மன்றம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டிலே வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று கடையிலே வாங்கக் கிடைப்பதில்லை. அவ்வாண்டு மார்ச் 27இல் நின்டெண்டோ தன் இரு பழைய பொறிகளுக்குரிய இணையக் கடைகளை மூடியது. அக்கடைகள் வழியாக மட்டுமே விற்கப்பட்ட விளையாட்டுகளைப் புதிதாக வாங்கும் வழி அத்துடன் அடைபட்டது. கம்பனிக்காகப் பூசலிட்டவர்களின் கூச்சல் அவ்விளையாட்டுகளுள் ஒன்றையேனும் காத்ததில்லை. ஓலைச் சுவடிகளைத் தேடித் திரிந்து படியெடுத்துக் காத்தவர்களின் மனநிலையை அறிந்தோர், பழம் பொறிகளைத் திருத்தி இயக்குவோரின் மனநிலையையும் ஒருவாறு உணர்தல் கூடும். காக்கப்படும் பொருள்களின் பெருமை வேறு. காக்கும் கையின் பொறுமை ஒன்றே.

இதுகாறும் கூறியவற்றால், வணிகக் குறியிலே கொள்ளும் பற்றும் சமயப் பற்றும் பூசலிலே ஒத்தல் ஒரு போலி ஒற்றுமை என்பதும், அப்பூசல் பெரும்பாலும் விற்பவரால் மூட்டப்பட்டது என்பதும், கைம்மாறு கருதாத காவலிலே மட்டும் இரண்டும் சற்று அணுகி வருகின்றன என்பதும் பெறப்படும். மாரியோவையோ சொனிக்கையோ நேசித்த சிறுவன் நகைக்கப்படத்தக்கவன் அல்லன். அவன் நேசித்தது தன் இளமையையும் தன்னோடு ஆடியவர்களையுமே. அந்நேசத்துக்குக் கம்பனியின் பெயர் சூட்டப்பட்டமை வணிகரின் திறமை. அப்பெயரை அவன் ஒருநாள் விலக்கிப் பார்ப்பானாயின், தன் நேசம் குறையாது நிற்பதையும், எதிர்வீட்டுச் சிறுவன் வேறொரு பொறியின் முன் அமர்ந்து நேசித்ததும் அதுவே என்பதையும் அறிவான்.